அரிப்புக்கும் விரலுக்கும் நடுவே: சோரியாசிஸ், கரப்பான் உள்ளவர்களுக்கான மன-உடல் பயிற்சிகள்

சோரியாசிஸ் உள்ளவர்களும் நாள்பட்ட கரப்பான் உள்ளவர்களும் மருத்துவரிடமும் உறவினரிடமும் அடிக்கடி கேட்கும் அறிவுரை "டென்ஷன் ஆகாதீங்க" என்பதுதான். அறிவுரையில் தவறு இல்லை. அதை எப்படிச் செய்வது என்றுதான் யாரும் சொல்வதில்லை. விடியற்காலையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, வடசென்னையின் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் இரவு வரை நின்றபடியே வேலை பார்க்கும் பெண்ணிடம் மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொன்னால், ஏற்கெனவே உள்ள கவலைகளோடு, தன் டென்ஷனால்தான் தோல் இப்படி ஆகிவிட்டதோ என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே மனத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையைப் பழக்குவோம் என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. சொறியும் கை அடங்கினால் தோலுக்கு ஆற அவகாசம் கிடைக்கிறது. தோல் ஆறத் தொடங்கினால் மனமும் கொஞ்சம் இறங்கிவருகிறது.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கீழே உள்ள பயிற்சிகள் எதுவும் மருந்துக்கு மாற்று ஆகாது. சோரியாசிஸ் என்பது நோய் எதிர்ப்பு அமைப்பு தவறாகத் தூண்டப்படுவதால் வரும் நோய். சாதாரணமாக ஏறத்தாழ 28 நாட்கள் எடுத்துக்கொண்டு மேலே வரும் தோல் செல்கள், நோய் தாக்கிய இடத்தில் எழும் தடிப்புகளில் சில நாட்களிலேயே மேலே வந்து குவிந்து செதிலாக உதிர்கின்றன. எக்ஸிமா என்று டாக்டர்கள் சொல்லும் கரப்பானில் தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் பலவீனமாகி, வெளியிலிருந்து வரும் தூசியும் சோப்பும் வியர்வையும் உள்ளே புகுந்து எரிச்சலூட்டுகின்றன. இரண்டுமே ஒட்டுவதில்லை, இரண்டையும் அடியோடு ஒழிக்கும் சிகிச்சை இன்னும் வரவில்லை, இரண்டையும் நன்றாகக் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியும். உங்களுக்கு இருப்பது எது என்று தோல் மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் எந்தப் பயிற்சியையும் தொடங்க வேண்டாம், ஏனெனில் படர்தாமரையைக் கரப்பான் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மூச்சுப் பயிற்சி செய்வதால் பயன் எதுவும் இல்லை. வடசென்னையில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது.

சொறிதல் ஏன் முதலில்

அரிப்பு எடுக்கும்போது சொறிந்தால் ஒரு கணம் சுகமாக இருக்கிறது. அந்தச் சுகத்துக்குப் பின்னால் நடப்பது வேறு. நகம் படும் இடத்தில் தோலின் மேலடுக்கு கிழிகிறது, அங்குள்ள நரம்பு நுனிகளும் நோய் எதிர்ப்பு செல்களும் அரிப்பைத் தூண்டும் பொருட்களை வெளியிடுகின்றன, அதனால் அரிப்பு கூடுகிறது, மறுபடியும் கை போகிறது. கரப்பானில் இந்தச் சுழற்சிதான் தோலைத் தடித்துக் கறுத்துப்போக வைக்கிறது. சோரியாசிஸில் இன்னொரு சிக்கலும் உண்டு: நன்றாக இருந்த தோலில் காயம் பட்டால், ஒன்றிரண்டு வாரங்களில் அதே கோட்டில் புதிய தடிப்பு முளைக்கலாம். ஹைன்ரிஷ் கேப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்துச் சொன்னதால் அவர் பெயராலேயே இது அறியப்படுகிறது. செதிலைப் பிய்த்து எடுப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மன அழுத்தம் இந்தச் சுழற்சிக்குள் பல வாசல்கள் வழியாக நுழைகிறது. கவலையின்போது உடல் வெளியிடும் ரசாயனங்கள் தோலில் அழற்சியைக் கூட்டுகின்றன, தூக்கம் கெடுகிறது, அரிப்பைத் தாங்கும் பொறுமை குறைகிறது, கை தானாகவே சொறிகிறது. இவற்றில் நாம் நேரடியாகப் பிடித்து நிறுத்தக்கூடியது கடைசியாகச் சொன்ன ஒன்றைத்தான். ரசாயனத்துக்கு யாரும் கட்டளையிட முடியாது, கைக்கு இடலாம்.

முதல் வாரம்: எண்ணுங்கள், வேறொன்றும் வேண்டாம்

சொறிவதை முதலில் எண்ணி, பிறகு கைக்கு மாற்று வேலை கொடுத்துப் பழக்கத்தை மாற்றும் இந்த முறையை அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் நகம் கடித்தல் போன்ற பழக்கங்களுக்காக வகுத்தார்கள். 1980களில் ஸ்வீடனில் அதைக் கரப்பான் நோயாளிகளுக்குப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஸ்டீராய்டு களிம்பு மட்டும் போட்டவர்களைவிட, களிம்போடு இந்தப் பயிற்சியையும் செய்தவர்களின் தோல் நன்றாகத் தேறியது. ஆய்வுகள் சிறியவைதான் என்றாலும், செலவில்லாத, பக்கவிளைவும் இல்லாத முறை என்பதால் முயன்று பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் சொறிவதை நிறுத்த முயல வேண்டாம். எத்தனை முறை, எப்போது சொறிகிறீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், முழங்கையிலும் கழுத்தின் பின்புறத்திலும் கரப்பான் உள்ளவர், துணிக்கடையில் வேலை செய்கிறார். அவர் பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையில் காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம் போட்டு, கை போகும்போதெல்லாம் ஒரு கோடு இழுத்துவைத்தார். கூட்டம் நெரியும் நேரத்தில்தான் அதிகம் சொறிகிறோம் என்று அதுவரை அவர் நினைத்திருந்தார். அட்டையைப் பார்த்தால் கோடுகள் அடர்ந்து கிடந்தது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வெற்று நேரத்திலும், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸிலும்தான். புடவையைப் பிரித்துக் காட்டி மடித்து வைக்கும்வரை கைக்கு வேலை இருந்தது; வாடிக்கையாளர் போனதும் அது கழுத்துக்குப் போனது. இப்படி ஒரு கண்டுபிடிப்பு உங்கள் அட்டையிலும் இருக்கும். எண்ணுவதாலேயே சிலருக்குச் சொறிவது குறைந்தும் போகிறது, ஏனெனில் பாதிச் சொறிதல் நமக்கே தெரியாமல் நடப்பது.

எழுத வசதி இல்லாத வேலையில் இருப்பவர்கள், காசிமேட்டில் ஐஸ் உடைப்பவராகவோ வலை பின்னுபவராகவோ இருந்தால், ஒரு பைக்குள் கொஞ்சம் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றை மறு பைக்கு மாற்றலாம். இரவில் இரண்டு பைகளையும் எண்ணிக் குறித்தால் போதும்.

இரண்டாம் வாரம்: கைக்கு மாற்று வேலை

இப்போது, அரிப்பு எடுத்ததும் கை அங்கே போகும் முன் அதற்கு வேறொரு வேலை கொடுக்க வேண்டும். இரண்டு கைகளையும் இறுக்கி மூடி, மனத்துக்குள் 30 வரை எண்ணுங்கள். அதன் பிறகும் அரிப்பு இருந்தால், அந்த இடத்தின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து அசைக்காமல் அழுத்துங்கள்; தேய்க்கக் கூடாது. அல்லது ஈரத்துணியை வையுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி ஒரு நிமிடம் மட்டும் வைக்கலாம். அரிப்பு என்பது பெரும்பாலும் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும் ஓர் உணர்வு. உச்சியில் இருக்கும் அந்தச் சிறிது நேரத்தைத் தாண்டுவதற்காகத்தான் 30 வரை எண்ணச் சொல்வது.

வாடிக்கையாளர் எதிரே முஷ்டியை மடக்கிக்கொண்டு நிற்க முடியாது என்பதால், அந்தப் பெண் கவுண்டரின் விளிம்பைப் பிடித்து அழுத்தப் பழகிக்கொண்டார். ஆட்டோ ஓட்டுபவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கலாம். பள்ளிப் பிள்ளை பெஞ்சின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளலாம். சொறிய முடியாத நிலையில் கை இருக்க வேண்டும், பார்ப்பவருக்கு அது விநோதமாகத் தெரியக் கூடாது. இந்த இரண்டும் நிறைவேறினால் எந்த வேலையும் சரிதான்.

சொறியும் பிள்ளையை "சொறியாதே, சொறியாதே" என்று பத்து பேர் நடுவில் அதட்டுவதை வீட்டில் உள்ளவர்கள் நிறுத்திவிட வேண்டும். அதட்டலால் அரிப்பு அடங்குவதில்லை. பிள்ளை போர்வைக்குள் ஒளிந்து சொறியக் கற்றுக்கொள்கிறது. கை மூடி எண்ணும்போது பார்த்து, "நல்லா பண்ற" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியவர்களானாலும் குழந்தைகளானாலும் நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிடுவது பாதிச் சேதத்தைத் தடுக்கும்.

களிம்பு போடும் நேரமே பயிற்சி நேரம்

மூச்சுப் பயிற்சிக்குத் தனி அறையும் அதிகாலை அமைதியும் வேண்டும் என்றால் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் ஒற்றை அறையில் ஐந்தாறு பேராக வாழும் குடும்பங்களில் அது நடக்காது. ஆனால் களிம்பு போடுவதற்கென்று தினமும் பத்து நிமிடம் எப்படியும் செலவாகிறது. பெரும்பாலோர் அந்த நேரத்தை எரிச்சலோடு, தோலைப் பார்க்கப் பிடிக்காமல், அவசரமாகத் தேய்த்து முடிக்கிறார்கள். அந்த நேரத்தையே பயிற்சியாக மாற்றிக்கொள்வதுதான் என் பரிந்துரை.

இதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஜான் கபாட்-ஜின் என்பவரும் அவரது குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிச் சிகிச்சைப் பெட்டிக்குள் நின்ற சோரியாசிஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, மூச்சிலும் உடல் உணர்விலும் கவனத்தை நிறுத்த வழிகாட்டும் ஒலிநாடாவைக் கேட்கக் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்குத் தோல் குறிப்பிடத்தக்க அளவு விரைவாகத் தெளிந்தது. பங்கேற்றவர்கள் 37 பேர்தான் என்பதால் இதைப் பெரிதாக்கிப் பேசக் கூடாது. அங்கே சிகிச்சையும் பயிற்சியும் ஒரே நேரத்தில் நடந்தன என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை இதுதான். இளஞ்சூடான அல்லது பச்சைத் தண்ணீரில் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் உட்காருங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அரிப்பு அப்போதைக்கு அடங்கினாலும், தோல் மேலும் வறண்டு இரவில் அதிகமாக அரிக்கும். மருந்துக் களிம்பு முதலா, மாய்ஸ்சரைசர் முதலா, நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை டாக்டர் சொன்ன வரிசைப்படி செய்யுங்கள். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து பிதுக்கிய ஸ்டீராய்டு களிம்பு ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து, பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு அது போதும். மூக்கு வழியாக 4 எண்ணும் அளவுக்கு மூச்சை இழுத்து, 6 எண்ணும் அளவுக்கு விடுங்கள். மூச்சை விடும்போது மட்டும் விரல் நகரட்டும், முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாக. இழுக்கும்போது விரல் நிற்கட்டும். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு வரும். இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்புக்கு இந்த வேகம் ஏற்றது.

தோலைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். இதுதான் கடினமான பகுதி. "அசிங்கமாக இருக்கிறது" என்ற எண்ணம் வரும், வரட்டும். அதோடு வாதாடாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மனத்துக்குள் சொல்லுங்கள்: இடது முழங்கையில் சிவப்பு, நேற்றைவிடச் செதில் மெல்லியது, ஓரத்தில் கொஞ்சம் வெடிப்பு. சில வாரங்கள் இப்படிப் பார்த்துப் பழகியவர்களுக்கு, எங்கே குறைகிறது எங்கே கூடுகிறது என்று டாக்டரிடம் துல்லியமாகச் சொல்லவும் முடிகிறது.

நம் ஊர் வெயிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கத்திரி வெயிலில் கெட்டியான வாசலினைப் பகல் முழுதும் பூசிக்கொண்டால் வியர்வைத் துளைகள் அடைத்து வேறு கொப்புளம் கிளம்பும். பகலில் லேசான லோஷனும், இரவில் களிம்பும் தேங்காய் எண்ணெயுமாகப் பிரித்துக்கொள்வது பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. வியர்த்தால் ஈரத்துணியால் ஒற்றிவிட்டுப் பருத்திச் சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வரிசையில் வரும் கேள்வி

வடசென்னையில் யாரும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவதில்லை, நேரடியாகக் கேட்டுவிடுவார்கள். "இன்னாக்கா இது கையில, ஒட்டிக்குமா?" என்று வரிசையில் பின்னால் நிற்பவர் கேட்பார். அந்தக் கேள்வியைவிட, அது எப்போது வருமோ என்று எதிர்பார்த்தே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகாமல், முடிவெட்டும் கடையை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் மனத்தை அதிகம் அரிக்கிறது.

இதற்கு ஒரே பயிற்சி, பதிலை முன்கூட்டியே தயாரித்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது. பதில் குறுகியதாக இருக்க வேண்டும், மன்னிப்பு கேட்கும் தொனி இருக்கக் கூடாது. "சோரியாசிஸ்மா, ஒட்டாது, மருந்து போட்டுனு இருக்கேன். உன் கொடம் ரொம்பிடுச்சி பாரு." கடைசி வாக்கியம் முக்கியமானது, அது பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. வீட்டில் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி நான்கைந்து முறை ஒத்திகை பார்த்துவிட்டுப் போனால், உண்மையில் கேள்வி வரும்போது நெஞ்சு படபடப்பது குறையும்.

உணவு விஷயத்திலும் இதே ஊர்வாய்தான். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, இறால் ஆகாது என்று ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். குறிப்பிட்ட உணவு ஒவ்வாமை சிலருக்கு, குறிப்பாகக் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு, இருக்கலாம். அதை மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் பொதுத் தடை என்று ஒன்று கிடையாது. கடலையே நம்பி வாழும் குடும்பத்தில் ஒருவரை மட்டும் மீன்குழம்பிலிருந்து ஒதுக்கிவைத்தால் அதுவே ஒரு தண்டனையாகிவிடுகிறது. சோரியாசிஸ் உள்ளவர்கள் உண்மையில் விட வேண்டியவை குடியும் புகையும். உடல் பருத்தவர்கள் எடையைக் குறைத்தால் நோய் தணிவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கடல் குளியலையும் பலர் சொல்வார்கள். சவக்கடலுக்குப் போய் நோயாளிகள் தேறுவது உண்மைதான், ஆனால் அங்கே அளவெடுத்துக் கொடுக்கப்படும் வெயிலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. வெடிப்பும் புண்ணும் உள்ள தோலோடு எண்ணூர் முகத்துவாரத்துத் தண்ணீரில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவிய நீர் அது.

இரவு

அரிப்பு இரவில் கூடுவது பிரமை அல்ல. படுக்கைக்குப் போகும் நேரத்தில் தோலின் வெப்பம் கூடுகிறது, அழற்சியைத் தணிக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைகிறது, கவனத்தைத் திருப்ப வேறொன்றும் இருப்பதில்லை. இதற்கு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் உருவாக்கிய தசைத் தளர்த்தல் முறை உதவும். படுத்தபடியே பாதங்களை இறுக்கி ஐந்தாறு நொடிகள் வைத்திருந்து, சட்டென்று விட்டு, தளர்ந்த உணர்வை இருபது நொடிகள் கவனியுங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, வயிறு, கைகள், தோள், முகம். மூட்டு வலி உள்ளவர்கள் அந்த இடத்தை இறுக்காமல் கவனத்தை மட்டும் கொண்டுபோனால் போதும். பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருந்தாலும் இதைச் சத்தமின்றிச் செய்யலாம். தூக்கத்தில் சொறிபவர்கள் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளலாம்.

மனத்தில் இருப்பதை நாளொன்றுக்கு 15 முதல் 20 நிமிடங்கள், மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து எழுதும் முறையும் உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் ஆராய்ந்தது. தோல் நோயில் அதன் பலன் சீராக இல்லை. எழுதப் பிடித்தவர்கள் எழுதலாம், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

எதைச் செய்யக் கூடாது

தோல் தெளிந்ததும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரையையோ ஊசியையோ திடீரென்று நிறுத்தினால் சோரியாசிஸ் சீழ்க்கொப்புளங்களாக வெடித்துக் கிளம்பலாம். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள், சோரியாசிஸுக்கு அது வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கும் மருந்து என்பதையும், தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதையும் வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியும், மெடிக்கலில் போய் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று கேட்டு வாங்குவது நிற்கவில்லை. ஸ்டீராய்டோடு வேறு மருந்துகளும் கலந்த அந்தக் களிம்புகள் தோலை மெலிய வைத்து நோயின் முகத்தையே மாற்றிவிடும்.

காலையில் விரல்களோ முதுகோ அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், ஒரு விரல் முழுவதுமாக வீங்கினால், அது மூட்டையும் தாக்கும் சோரியாசிஸாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். உடல் முழுதும் சிவந்து குளிர்ந்து நடுங்கினாலும், சீழோ காய்ச்சலோ வந்தாலும், கரப்பான் மேல் வலியுள்ள சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழுந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் வந்தாலோ டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்; தமிழிலேயே பேசுவார்கள்.

ஓ.பி.யில் டாக்டர் உங்களுக்குத் தரக்கூடிய நேரம் சில நிமிடங்கள்தான். கோடு போட்ட அட்டையை ஓ.பி. சீட்டோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். அதன் மேல்பகுதியில் மூன்று விஷயங்களை எழுதிவையுங்கள்: எந்த நேரத்தில் அதிகம் அரிக்கிறது, தூக்கம் எத்தனை மணி நேரம், வேறு எந்த நோய்க்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். ரத்தக்கொதிப்புக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகள் சோரியாசிஸைக் கிளப்பக்கூடியவை என்பதால் மூன்றாவதைச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள். மாத்திரையின் பெயர் நினைவில் நிற்காவிட்டால் காலி அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள்.